பூச்சிக் கடிதானே என்று விட்டுவிடலாமா?



பாம்பு கடித்தால் தோட்டமே திரண்டு ஓடுகிறது. வேனைப் பிடி, காரைப் பிடி என்று சத்தம் போடுகிறார்கள். மட்டை விழுந்து மண்டை உடைந்தால் நிர்வாகமே பயந்துபோய் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறது. ஆனால் குளவி கொட்டினால் மட்டும் கதை வேறு. "சுண்ணாம்பைத் தடவிக்கிட்டு வேலையைப் பாருங்க, சரியாப் போயிடும்" என்கிறார் மண்டோர். கொட்டுப்பட்டவரும் அரை நாள் சம்பளம் போய்விடுமே என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதே நிரையில் நிற்கிறார். மறுநாள் முகம் வீங்கி வந்தால் மற்றவர்கள் சிரிக்கிறார்கள். எந்தப் புத்தகத்திலும் பதிவில்லை, கிளினிக்கில் சீட்டில்லை.

கோலா கங்சார் வட்டாரத்தில் இது இன்று நேற்று வந்த கதையல்ல. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த ரப்பர்க் கன்றுகளில் 9 கன்றுகள் இந்த ஊருக்குத்தான் அனுப்பப்பட்டன. அவற்றோடு சேர்ந்த பழைய மரம் ஒன்று இன்னமும் மாவட்ட அலுவலகத்துக்கு அருகே நிற்கிறது. பிறகு தோட்டங்கள் வந்தன, நம் பாட்டன் பாட்டிகள் வந்தார்கள். ரப்பர் போய்ப் பெரும்பாலும் செம்பனையும் வந்துவிட்டது. சுங்கை சிப்புட், பாடாங் ரெங்காஸ், மாணோங், சாவுக் பக்கமெல்லாம் இன்றும் காட்டோரத்துத் தோட்டங்கள்தாம். காடு இருக்கும் இடத்தில் குளவியும் தேனீயும் இருக்கும். அதைக் குறை சொல்லிப் பயனில்லை. எது கொட்டியது, ஏன் கொட்டியது, கொட்டினால் என்ன செய்வது, அதற்கு யார் பொறுப்பு - இந்த நான்கும் நமக்குத் தெரியாமல் இருப்பதுதான் குறை.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்ப்போம். நம் ஆட்கள் பறந்து வந்து கொட்டுவதை எல்லாம் "குளவி" என்று ஒரே பெயரில் முடித்துவிடுகிறார்கள். இலங்கை மலையகத்திலும் அப்படித்தான். ஹட்டன், பொகவந்தலாவை, தலவாக்கலை பக்கமிருந்து "கொழுந்து பறித்த பெண்கள் குளவிக் கொட்டுக்கு இலக்கானார்கள்" என்று செய்தி வராத ஆண்டே கிடையாது. இறந்துபோன தொழிலாளர்களும் உண்டு. ஆனால் அங்கே பல நேரங்களில் கொட்டுவது குளவி அல்ல. பாறையிலும் உயர்ந்த மரத்திலும் அடை கட்டித் தொங்கும் பெருந்தேனீ. பெயர் எதுவானால் என்ன, வலி ஒன்றுதானே என்று கேட்கலாம். ஒன்றல்ல. தேனீ கொட்டினால் கொடுக்கு உடம்பிலேயே தங்கிவிடும், நஞ்சுப் பையும் அதோடு ஒட்டிக்கொண்டு துடித்துத் துடித்து நஞ்சை உள்ளே இறக்கும். குளவி கொடுக்கை விட்டுப் போகாது. ஒரே குளவி நாலு தடவை, ஐந்து தடவை கொட்டும். முதலாவதில் உடனே கொடுக்கை எடுக்க வேண்டும். இரண்டாவதில் எடுக்க எதுவும் இல்லை, ஓட வேண்டியதுதான் வேலை.

நம் பக்கத்தில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது தெபுவான். ஊர்ப்பக்கத்திலிருந்து வந்த பெரியவர்கள் இதைக் கதண்டு என்பார்கள், சிலர் கடந்தை என்பார்கள். நீளம் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவு. உடம்பு கறுப்பு, வயிற்றின் முன்பாதி பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சள், பின்பாதி மறுபடியும் கறுப்பு. இந்த இரண்டு நிறத்தைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். மரத்தூளை மென்று, எச்சிலோடு குழைத்து, காகிதம் போலக் கூடு கட்டும். கிளையில், புதரில், வீட்டுக் கூரைச் சாய்ப்பில், செம்பனை மட்டைக்கு இடையில் - எங்கே வேண்டுமானாலும் கட்டும். தொடக்கத்தில் ஒரே ஒரு ராணி மட்டும்தான். அப்போது கூடு எலுமிச்சம்பழம் அளவு. சில மாதத்தில் தேங்காய் அளவாகும், பிறகு பானை அளவாகும். உள்ளே நூற்றுக்கணக்கில் இருக்கும்.

இதற்கு ஒரு பெரியண்ணன் உண்டு. உருவத்தில் பெரியது, கறுப்பு வயிற்றில் ஒரே ஒரு மஞ்சள் பட்டை. மலாய்க்காரர்கள் இதைத் தெபுவான் தானா, அதாவது மண் தெபுவான் என்பார்கள். மண் பொந்திலும், பட்டுப்போன மரத்தின் அடிப்பொந்திலும் குடியிருக்கும். கூடு கண்ணுக்கே தெரியாததால்தான் இது புல் வெட்டுகிறவர்களுக்கு எமனாகிறது.

தெபுவான் ஏன் கொட்டுகிறது? "சும்மாத்தான் போனேன், விரட்டி விரட்டிக் கொட்டிச்சு" என்று நம் ஆட்கள் சொல்வார்கள். தனியாகப் பூவில், பழத்தில் உட்கார்ந்திருக்கும் தெபுவான் நம்மைத் திரும்பிக்கூடப் பார்க்காது. அது கொட்டுவது கூட்டைக் காக்க. கூட்டு வாசலில் காவல் உண்டு. காவலுக்கு மனிதனின் முகத்தைவிட அதிர்ச்சிதான் முதலில் தெரியும். புல் வெட்டும் மெஷின் சத்தம், மட்டை விழும் அதிர்ச்சி, கிளையில் ஏணி சாய்க்கும் ஆட்டம், லாஸ்டிக் கல் - இதில் எது பட்டாலும் கூடு கொந்தளிக்கும். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். ஒன்று கொட்டும்போது நஞ்சோடு ஒரு வாடை வெளியாகிறது. அந்த வாடை மற்றவற்றுக்கு "இவன்தான் எதிரி, வாங்க" என்று சொல்லும் அழைப்பு. அதனால்தான் முதலில் கொட்டுப்பட்டவரையே எல்லாம் மொய்க்கின்றன. அந்த இடத்தில் ஒன்றை அடித்து நசுக்கினாலும் வாடை கிளம்பும். ஆகவே துண்டை வீசுவது, தொப்பியால் அடிப்பது எல்லாம் எரியும் நெருப்பில் எண்ணெய்.

அப்படியானால் புல் வெட்டும் கும்பலுக்கும் குலை வெட்டும் தோழருக்கும் என்ன வழி? மெஷினை முடுக்குவதற்கு முன் இரண்டு நிமிடம் நின்று பார்க்க வேண்டும். ஒரே இடத்துக்குத் தெபுவான் திரும்பத் திரும்பப் போய் வருகிறதா? மண்ணில் ஒரு பொந்து வாயில் நடமாட்டம் இருக்கிறதா? மட்டைக்குள் சாம்பலும் பழுப்புமாகச் சிப்பி சிப்பியாகக் கோடு போட்ட உருண்டை தெரிகிறதா? மெஷின் காதை அடைக்கும், கண்ணாடி பார்வையை மறைக்கும். அதனால் கூட ஒரு ஆள் இருப்பது நல்லது. கணக்குக்கு ஆள் குறைத்து, ஒருவரைத் தனியே நிரைக்குள் அனுப்புகிற பழக்கம் இப்போது அதிகமாகிவிட்டது. இதைச் சிக்கனம் என்று சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். தனியாள் விழுந்துகிடந்தால் பத்து மணித் தேத்தண்ணிக்குத்தான் ஆள் தேடுவார்கள்.

கூட்டைப் பார்த்துவிட்டால் அன்றைக்கு அந்த நிரை வேண்டாம். மரத்தில் சாயம் பூசி, கயிறோ துணியோ கட்டி அடையாளம் வையுங்கள். மண்டோரிடம் சொல்லுங்கள், கிராணியிடம் எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது பெருந்தேனீ. மலாயில் லெபா துவாலாங். துவாலாங் என்பது காட்டின் ஓங்கிய மரம். அதில் பல அடைகள் ஒன்றாகத் தொங்குவதால் தேனீக்கும் அந்தப் பெயர். தோட்டத்தில் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும், ஓங்கிய கிளையிலும் ஒரே ஓர் அடையாகத் தொங்கும். மூடி கிடையாது, தேனீக்களே திரைபோல மூடிக்கொண்டிருக்கும். கிட்டப் போகும்போது அந்தத் திரை அலை அலையாக மின்னி அசைந்தால் அது எச்சரிக்கை. கலைத்துவிட்டால் ஒன்றிரண்டு அல்ல, கூட்டமே இறங்கும், வெகுதூரம் துரத்தும். ஆற்றில் குதி, குளத்தில் குதி என்று சினிமாவில் காட்டுவார்கள். நம்பாதீர்கள். மேலே காத்திருந்து தலை வெளியே வரும்போது முகத்திலேயே கொட்டும், பேராக் ஆற்றின் இழுப்பு வேறு இருக்கிறது. சட்டையை இழுத்துத் தலையையும் முகத்தையும் மூடிக்கொண்டு, வழி மட்டும் தெரிகிற மாதிரி, நிற்காமல் ஓடி வீட்டுக்குள்ளோ வண்டிக்குள்ளோ நுழைந்து கதவைச் சாத்துங்கள். கூடவே நாலைந்து தேனீ உள்ளே வந்தாலும் வெளியே இருப்பதைவிட அது மேல்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். இலைக்கு அடியிலும் கூரை விளிம்பிலும் மூடியில்லாத சின்ன அடை கட்டும் ஒல்லிக் குளவி கொட்டினால் எரியும், ஆனால் நாம் விலகினால் அதுவும் விட்டுவிடும். சுவரில் மண்ணைக் குழைத்து ஒட்டுமே, வேட்டாவளியன், அது தனிக் குடித்தனக்காரி. பிடித்து நசுக்கினாலொழிய கொட்டாது. புழுவைக் கொட்டிக் கொட்டித் தன்னைப் போலவே குளவியாக்கிவிடும் என்று கோயில் பிரசங்கத்தில் கேட்டிருப்போம். உண்மையில் அது புழுவைக் கொட்டி மயக்கி, மண் வீட்டுக்குள் வைத்து, தன் முட்டையை இட்டு மூடுகிறது. முட்டையிலிருந்து வரும் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து குளவியாய் வெளியே வருகிறது. உபதேசத்துக்கு அந்தக் கதை நன்றாக இருந்தது, புழுவுக்குத்தான் நன்றாக இல்லை! கட்டையைத் துளைத்துக்கொண்டு ங்ஙொய் என்று சுற்றும் பெரிய கருவண்டைப் பார்த்துப் பிள்ளைகள் பயப்படுவார்கள். அதில் ஆணுக்குக் கொடுக்கே இல்லை. கெலுலுட் என்ற சின்னத் தேனீக்கும் கொடுக்கு கிடையாது. அதைப் பெட்டியில் வளர்த்துத் தேன் விற்கிறவர்கள் இப்போது நிறைய. முசுறு கொட்டுவதில்லை, கடித்துக் கடித்த இடத்தில் புளிப்பு நீரைப் பீச்சும். செம்பனை மட்டையில் பச்சையாக, முதுகெல்லாம் முள்ளாக இருக்கும் புழு - மலாயில் உலாட் பெலுஞ்சாஸ் - பட்டால் தீப்பட்டது போல எரியும். கையால் தேய்க்காமல் ஒட்டும் டேப்பை அந்த இடத்தில் ஒட்டி உரித்தால் முள் வரும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மட்டை கழிக்கும்போது கழுத்தில் துண்டு கட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

சரி, தெபுவானோ தேனீயோ கொட்டிவிட்டது. இனி?

முதலில் இடத்தை விட்டு நகர வேண்டும். தேனீயானால் கொடுக்கை எடுங்கள். நகத்தால் சுரண்டலாமா, கிள்ளி எடுக்கலாமா என்று நின்று யோசிக்க வேண்டாம். எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு சீக்கிரம் எடுப்பது என்பதே முக்கியம். சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வையுங்கள். கை வீங்குவதற்கு முன் மோதிரம், வளையல், கடிகாரத்தைக் கழற்றுங்கள். சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், பற்பசை எதுவும் வேண்டாம். நஞ்சு தோலுக்கு உள்ளே போய்விட்டது, மேலே பூசுவது அதை எட்டாது. சுண்ணாம்பு தோலை வேகவைக்கும், அவ்வளவுதான். நம் தாய்மார்களுக்கு இது கசப்பாக இருக்கும், வெற்றிலைப் பெட்டி இல்லாத லயன் ஏது! ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

கொட்டினால் உயிர் போவது இரண்டு விதமாக நடக்கிறது. இந்த இரண்டையும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள்.

ஒன்று, சிலருடைய உடம்புக்கு அந்த நஞ்சு ஒத்துக்கொள்வதில்லை. அவர்களுக்கு ஒரே ஒரு கொட்டு போதும். கொட்டிய இடம் வீங்குவது எல்லாருக்கும் வருவது. ஆனால் கொட்டாத இடத்தில் தடிப்பு தடிப்பாகக் கிளம்பினால், உதடு, நாக்கு, கண் இமை வீங்கினால், குரல் கம்மினால், மூச்சு இழுத்தால், வாந்தியோ வயிற்றுவலியோ வந்தால், தலை சுற்றி மயங்கினால் - ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. சில நிமிடத்திலேயே முடிந்துவிடக் கூடிய கேடு அது. மருந்து அட்ரினலின் ஊசி, தொடையில் போடுவார்கள். மாத்திரை அதற்கு ஈடாகாது. 999-ஐக் கூப்பிடுங்கள். ஆளைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். மூச்சுத் திணறினால் சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நடக்க விடாதீர்கள். முன்பு ஒரு தடவை இப்படி ஆனவருக்கு மறுபடியும் ஆகலாம். அவரைப் புல் வெட்டுக்கு அனுப்பவே கூடாது, டாக்டரிடம் சீட்டு வாங்கி வேறு வேலை கேளுங்கள்.

இரண்டு, நஞ்சின் அளவு. ஒவ்வாமை இல்லாத நல்ல திடகாத்திரமான ஆளாக இருந்தாலும், பல கொட்டுகள் ஒன்றாகச் சேர்ந்தால் நஞ்சு தசையையும் ரத்தத்தையும் சிதைக்கும். அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். இது உடனே தெரியாது. அன்றைக்கு ஆள் எழுந்து நடப்பார், சாப்பிடுவார், "ஒண்ணும் இல்லீங்க" என்பார். பிறகு சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகும், அல்லது போகாமலே நிற்கும். 2013-ல் சீனாவின் ஷான்சி மாநிலத்தில் ஒரு சில மாதங்களில் பெருங்குளவிகள் கொட்டி 40-க்கும் அதிகமானவர்கள் இறந்தார்கள், 1,600-க்கும் அதிகமானவர்கள் காயம்பட்டார்கள். அங்கே பலருக்குச் சிறுநீரகம் செயலிழந்து ரத்தம் சுத்திகரிக்கும் நிலை வந்தது. அவர்களிலும் வயலில் வேலை செய்தவர்கள் நிறைய. ஆகவே பத்துப் பதினைந்து கொட்டு என்றால், ஆள் எப்படித் தெரிந்தாலும், கோலா கங்சாரோ சுங்கை சிப்புட்டோ, பக்கத்திலுள்ள அரசாங்க மருத்துவமனைக்குக் கொண்டுபோய் ரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். பிள்ளைகளானால் அதைவிடக் குறைவாக இருந்தாலும் கொண்டுபோங்கள்.

தோட்டந்தோறும் ஆஸ்பத்திரியும் டிரசரும் இருந்த காலம் போய்விட்டது. அந்த டிரசர் ஐயாவைப் பற்றி நாம் ஆயிரம் குறை சொன்னோம். கூப்பிடு தூரத்தில் ஓர் ஊசி இருந்தது என்பது இப்போதுதான் தெரிகிறது. இன்று மண் சாலையைக் கடந்து பெரிய சாலைக்கு வரவே அரை மணி நேரம் ஆகும் தோட்டங்கள் உண்டு. அங்கே வண்டி எது, ஓட்டுபவர் யார் என்பதைக் கொட்டுவதற்கு முன்பே முடிவு செய்து வைக்க வேண்டியது நிர்வாகத்தின் கடமை.

நிர்வாகத்தின் கடமை என்றதும் "காட்டுப் பூச்சிக்கு நாங்க என்ன செய்ய முடியும்?" என்று சில மேலாளர்கள் சிரிக்கிறார்கள். 1994-ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் தோட்டத்துக்கும் உண்டு. அதைத் திருத்தி 2024 ஜூன் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். அதன்படி வேலையிடத்து ஆபத்துகளை முன்கூட்டியே மதிப்பிட வேண்டியது முதலாளி. உடனடி ஆபத்து இருப்பதாக நியாயமான காரணத்தோடு நம்பினால், தொழிலாளி அதைத் தெரிவித்துவிட்டு அந்த இடத்தை விட்டு விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்கக் கூடாது. பானை அளவு தெபுவான் கூடு தொங்கும் நிரையில் மெஷின் ஓட்ட மறுப்பது சோம்பேறித்தனம் அல்ல, சட்டம் தந்த உரிமை. சொல்வதை இரண்டு பேர் முன்னிலையில் சொல்லுங்கள், கைத்தொலைபேசியில் கூட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

அடுத்து சொக்சோ. வேலை நேரத்தில், வேலையிடத்தில் கொட்டினால் அது வேலையிட விபத்து. வேலை நேரத்தில் நேர்ந்த விபத்து வேலையால் வந்ததாகவே கொள்ளப்பட வேண்டும், அதற்கு எதிரான சான்று இல்லாதவரை - 1969-ஆம் ஆண்டின் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழக்கமான பாதையில் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் இதை இன்னும் தெளிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய 1992-ஆம் ஆண்டுச் சமூகக் காப்புச் சட்டத்தில், வேலையிடத்தில் விலங்கால் நேரும் விபத்தும் சேரும் என்று சொல்லி, பறவை, மீன், பூச்சி என்று பெயர் குறித்தே போட்டிருக்கிறார்கள். நம் தோட்டங்களை நூறு ஆண்டு நடத்தியவர்களின் நாட்டில் பூச்சி சட்டத்தில் இடம்பிடித்துவிட்டது. நம் மண்டோரின் புத்தகத்தில்தான் இன்னும் இடமில்லை!

விபத்து தெரிந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். விபத்து நடந்த நாளையும் சேர்த்து 4 நாளுக்குக் குறையாமல் மருத்துவ விடுப்பு கிடைத்தால், சராசரித் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊனத் தொகையாக வரும். சிகிச்சைச் செலவும் உங்கள் தலையில் விழக் கூடாது. ஆனால் இதெல்லாம் கிளினிக் சீட்டு இருந்தால்தான். சங்கத்துக்கு வருகிற தோழர்களில் எத்தனையோ பேர் மூன்று நாள் வீட்டில் படுத்துவிட்டு, நாலாம் நாள் காய்ச்சலோடு டாக்டரிடம் போய், "காய்ச்சல்" என்று சீட்டு வாங்கி வந்து நிற்கிறார்கள். கொட்டின அன்றைக்கே போங்கள். டாக்டர் சீட்டில் "வேலையிடத்தில் தெபுவான் கொட்டியது" என்று எழுதச் சொல்லுங்கள். நாள், மணி, நிரை எண், கூட இருந்தவர் பெயர் - இவற்றை நீங்களும் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.

கூட்டை அகற்றுவது நம் வேலையல்ல. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்துவதும், ராத்திரி டார்ச்சை அடித்துக்கொண்டு கூட்டைச் சாக்கில் கட்டப் போவதும் வேண்டவே வேண்டாம். சீண்டப்பட்ட தெபுவான் வெளிச்சத்தை நோக்கித்தான் வரும், டார்ச் உங்கள் கையில் இருக்கிறது. கவச உடையும் பயிற்சியும் உள்ள பொதுத் தற்காப்புப் படையினர் இந்த வேலைக்கு இருக்கிறார்கள். 999-ல் கேட்டால் தொடர்பு கொடுப்பார்கள். அவர்கள் வரும்வரை லயத்துப் பிள்ளைகளின் லாஸ்டிக்கைப் பிடுங்கி வைப்பது தாய்மார்களின் பொறுப்பு.

இன்னும் ஒரு சங்கதி. இப்போது நிரையில் நம் பக்கத்தில் நிற்பவர் வங்காளதேசத்துக்காரராகவோ இந்தோனேசியராகவோ நேப்பாளியாகவோ இருக்கிறார். 2019 ஜனவரி 1 முதல் வேலையிட விபத்துக்கான சொக்சோ பாதுகாப்பு அவர்களுக்கும் உண்டு, பலருக்கு அது தெரியாது. கடப்பிதழ் முதலாளியிடம் இருக்கிறதே என்ற பயத்தில் கொட்டு வாங்கியதை மறைக்கிறார்கள். "அவன் ஆள் வேற" என்று நாமும் பார்த்துக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. மரத்தைக் காட்டி "தெபுவான், ஜாகா" என்று இரண்டு சொல் சொன்னால் போதும், புரிந்துகொள்வார். அவருக்குக் கொட்டியிருந்தால், சாட்சிப் பெயர் எழுதும் இடத்தில் உங்கள் பெயரைக் கொடுங்கள்.